செக்யூரிட்டியில் விட்டு வந்த பொருள் எங்கே போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களுக்கு முன் ஓர் உள்நாட்டு விமானப் பயணத்தில் என் அப்பத்தாவின் பாக்குவெட்டியை இழந்தேன். பித்தளைப் பிடி, கிளிமூக்கு மாதிரி வளைந்த முனை. அவர் காலமான பிறகு வெற்றிலைச் செல்லத்தோடு என் பங்குக்கு வந்தது. அது கைப்பையில் இருந்த நினைப்பே எனக்கு இல்லை. எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. விமானம் ஏறக் கடைசி அழைப்பு வந்துவிட்ட நேரம். சோதித்தவர் மரியாதையாகத்தான் சொன்னார், வாக்குவாதம் எதுவும் நடக்கவில்லை. பக்கத்திலிருந்த பெட்டியில் போட்டுவிட்டு ஓடினேன். இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான், வாசலில் நின்றிருந்த தம்பியிடம் கொடுத்திருக்கலாமே என்று தோன்றியது.

அந்தப் பாக்குவெட்டி எங்கே போயிருக்கும் என்று தேடப் போய்த்தான் இவ்வளவும் படித்தேன். ஊருக்குக் கிளம்பும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பதில்களில் அமெரிக்கா நிறைய வரும். அங்கே இந்தப் பொருட்கள் போகும் வழி முழுக்க வெளிப்படையாக இருக்கிறது, அதனால் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

செக்யூரிட்டியில் எடுத்துக்கொள்வதைப் ‘பறிமுதல்’ என்று சொல்லலாமா?

பேச்சில் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் பெரும்பாலான நேரம் அது பறிமுதல் இல்லை. பறிமுதல் என்றால் சட்டப்படி அதிகாரி கைப்பற்றுவது. அதற்கு நோட்டீஸ், ரசீது, மேல்முறையீடு எல்லாம் உண்டு. சோதனை வரிசையில் நடப்பது வேறு. “இதோடு உள்ளே போக முடியாது” என்று மட்டும்தான் சொல்கிறார்கள். பொருளை வைத்துக்கொண்டு வெளியே போக உங்களுக்கு உரிமை இருக்கிறது. விமானத்தைப் பிடிக்க வேண்டும் என்பதால் நீங்களே அதை விட்டுவிடுகிறீர்கள்.

அமெரிக்காவில் சோதனையைக் கவனிக்கும் டிஎஸ்ஏ, அதாவது போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், இதற்கு வைத்திருக்கும் பெயரே ‘தானாக முன்வந்து கைவிட்ட சொத்து’ என்ற பொருளில்தான் இருக்கிறது. கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. தானாக முன்வந்து யார் கைவிட்டார்கள்? ஆனாலும் அந்தப் பெயரைப் புரிந்துகொள்வது நல்லது. கைவிட்ட அந்த நொடியிலேயே பொருள் உங்களுடையதாக இல்லாமல் போகிறது. பின்னால் வரும் எல்லாப் பதில்களும் இதிலிருந்துதான் வருகின்றன.

அப்படியானால் அந்த இடத்தில் எனக்கு என்ன வழிகள் இருக்கின்றன?

நேரம் இருந்தால் நான்கைந்து வழி உண்டு. திரும்பிப் போய்ச் செக்-இன் பையில் சேர்க்கலாம். கவுன்டர் மூடியிருக்கக் கூடாது, பை ஏற்கெனவே போயிருந்தால் கைப்பையையே செக்-இன் செய்ய வேண்டியிருக்கும், கூடுதல் கட்டணமும் ஆகலாம். வழியனுப்ப வந்தவர் இன்னும் வாசலில் இருந்தால் அவரிடம் கொடுக்கலாம். காரில் வந்திருந்தால் காரில் வைத்துவிட்டு வரலாம். அமெரிக்காவில் சில விமான நிலையங்களில் அங்கிருந்தே தபாலில் அனுப்பும் வசதி இருக்கிறது. எதுவும் முடியாவிட்டால்தான் விட்டுவிட்டுப் போவது.

நம் ஊரில் ஒரு சிக்கல்: டெர்மினலை விட்டு வெளியே வந்தால் வாசலில் திரும்பவும் டிக்கெட்டும் அடையாள அட்டையும் காட்டித்தான் நுழைய வேண்டும், வரிசையிலும் முதலிலிருந்து நிற்க வேண்டும். அரை மணி நேரமாவது கையில் இல்லையென்றால் முடியாது. ஆகவே வழியனுப்ப வருபவரிடம், “நான் செக்யூரிட்டி தாண்டி போன் பண்ணும்வரை கிளம்பாதே” என்று சொல்லி வையுங்கள். அன்றைக்கு நான் தம்பியிடம் அதைச் சொல்லியிருந்தால் போதும்.

விட்டுவிட்டுப் போன கத்தி, கத்தரிக்கோல், ஸ்பானர் எல்லாம் எங்கே போகின்றன?

அமெரிக்காவைப் பொறுத்தவரை குப்பைக்குப் போவதில்லை. சோதனை இடத்தில் ஒரு தொட்டியில் சேர்க்கிறார்கள். நிறைந்ததும் அந்தந்த மாநில அரசின் உபரிப் பொருள் துறை வந்து எடுத்துப் போகிறது. மத்திய அரசு தனக்குத் தேவைப்படாத மேசை, நாற்காலி, வாகனங்களை மாநிலங்களுக்குக் கொடுக்க ஓர் ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது. அதே வழியில்தான் விமான நிலையக் கத்திகளும் போகின்றன. டிஎஸ்ஏ இதை விற்பதில்லை, விற்பனைப் பணத்தில் ஒரு டாலரும் அதற்கு வருவதில்லை. விற்கிற மாநிலத்தின் கருவூலத்துக்குப் போகிறது.

இதில் பேர் போனது பென்சில்வேனியா மாநிலம். தன் விமான நிலையங்களோடு நில்லாமல் பக்கத்து மாநிலங்களின் பெரிய விமான நிலையங்களிலிருந்தும் பொருட்களைப் பெற்று, தலைநகரான ஹாரிஸ்பர்க்கில் இனம் பிரித்து விற்கிறது. டெக்சாஸ் மாநிலத்துக்கு ஆஸ்டினில் ஒரு கடையே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய் வாங்கலாம். ஆன்லைன் ஏலமும் உண்டு. கவ்டீல்ஸ் என்ற தளத்தில் மாநிலங்கள் பட்டியல் போடுகின்றன. அங்கே ஒரு கத்தி, இரண்டு கத்தி என்று வாங்க முடியாது. சுவிஸ் மடக்குக் கத்திகள் ஒரு குவியல், கத்தரிக்கோல் ஒரு பெட்டி, கார்க் திறப்பான் ஒரு பெட்டி என்று எடை போட்டு, மொத்தமாகத்தான் கொடுப்பார்கள். வாங்குபவர்களில் பலர் சில்லறை வியாபாரிகள். துடைத்து, தீட்டி, ஒவ்வொன்றாக மறுபடி விற்கிறார்கள்.

அந்தக் குவியல்களின் படங்களைப் பார்த்தால் மனிதர்கள் எதையெல்லாம் கையோடு தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்பது தெரியும். பேஸ்பால் மட்டை, சுத்தியல், பொம்மைக் கைவிலங்கு, கேக் வெட்டும் கத்தி, உள்ளே பனி விழுகிற கண்ணாடிக் கோளம். அந்தக் கோளம் ஏன் என்று கேட்டால், உள்ளே இருக்கிற திரவத்தால். பெயர் செதுக்கிய பேனாக் கத்திகளும் நிறைய வரும். பெயர் இருக்கிறது என்பதற்காக உரியவரைத் தேடி யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை.

எல்லாமே விற்பனைக்குத்தான் போகிறது என்றும் இல்லை. உபரிப் பொருள் ஏற்பாட்டின்படி உள்ளாட்சி அமைப்புகளும் தகுதியுள்ள தொண்டு அமைப்புகளும் தங்களுக்கு வேண்டியதைக் கேட்டுப் பெறலாம். இது எனக்கு ஆறுதலான விஷயம். ஒருவர் கையிலிருந்து போன கத்தரிக்கோல் இன்னொருவர் கையில் துணி வெட்டுகிறது என்றால் அது நல்லதுதானே.

இந்தியாவில் என்ன செய்கிறார்கள்?

விதிகளை வகுப்பது பிசிஏஎஸ் என்கிற சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம். பெரிய விமான நிலையங்களில் அவற்றை நடைமுறைப்படுத்துவது சிஐஎஸ்எஃப், அதாவது மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை. சென்னையில் நீங்கள் பார்ப்பதும் அவர்களைத்தான். பொருளை உங்களிடமிருந்து எடுப்பவர் சீருடைக்காரர் என்பதால் அது படையின் வசம் போய்விடுகிறது என்று நினைக்கிறோம். அவர்கள் வேலை சோதனை மட்டுமே. சேர்ந்த பொருட்களை அப்புறப்படுத்துவது விமான நிலையத்தை நடத்தும் நிர்வாகத்தின் பொறுப்பு.

அமெரிக்காவில் போல மாநில அரசுக் கடையில் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இங்கே இல்லை. நல்ல கத்தரிக்கோலும் நகவெட்டியும் கரண்டியும் அரசுப் பள்ளிக்கோ முதியோர் இல்லத்துக்கோ முறையாகப் போகிற மாதிரி ஒரு பொது ஏற்பாடும், அதை எல்லோரும் பார்க்கும்படி ஒரு கணக்கும் இங்கே வர வேண்டும் என்பது என் ஆசை. பயணிகள் எண்ணிக்கை இப்படி ஏறிக்கொண்டு போகும் நாட்டில் அது பெரிய வேலையாகவும் இருக்காது.

பெரிய தண்ணீர் பாட்டில், சென்ட், நெய், ஊறுகாய்?

இவை எங்கேயும் விற்பனைக்குப் போவதில்லை, குப்பைதான். உள்ளே இருப்பது உண்மையில் என்ன என்று யாரும் உறுதி சொல்ல முடியாது என்பதால் இன்னொருவருக்குக் கொடுப்பதில்லை. சீல் பிரிக்காத வெளிநாட்டு சென்ட் பாட்டில்கூட அப்படியே போகும். பார்க்கவே வயிறு எரியும்.

100 மில்லி என்ற அளவு வந்த கதை பலருக்கு மறந்துவிட்டது. 2006 ஆகஸ்ட் 10 அன்று பிரிட்டன் போலீஸ் ஒரு சதியை முறியடித்தது. லண்டன் ஹீத்ரோவிலிருந்து வட அமெரிக்கா போகும் விமானங்களில், குளிர்பான பாட்டில்களில் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த வெடிபொருளைக் கொண்டுபோகத் திட்டமிட்டிருந்தார்கள். அன்று முதலே பிரிட்டனில் கைப்பையே கிட்டத்தட்டத் தடை. அதன் பிறகு செப்டம்பரில் அமெரிக்காவும் நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியமும் 100 மில்லி அளவைக் கொண்டுவந்தன. உலகம் பூராவும் அதுவே பரவியது.

இதில் திரவம் என்றால் ஊற்றக்கூடியது மட்டும் இல்லை. பிசையக்கூடியது, தடவக்கூடியது எல்லாம் கணக்கில் வரும். அமெரிக்காவில் வேர்க்கடலை வெண்ணெய்கூடத் திரவம். அப்படிப் பார்த்தால் நம் ஊறுகாய், தொக்கு, புளிக்காய்ச்சல், இட்லி மாவு எதுவும் தப்பாது. பாட்டிலில் பாதிதான் இருக்கிறது என்று சொல்லியும் பயனில்லை. பார்ப்பது பாட்டிலின் கொள்ளளவை. பச்சிளம் குழந்தைக்கான பாலுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு, முன்கூட்டியே எடுத்துக் காட்டிச் சொல்ல வேண்டும். இந்தியாவுக்குள்ளேயே பறக்கும்போது தண்ணீர் பாட்டிலைப் பெரும்பாலும் தடுப்பதில்லை. அந்தப் பழக்கத்தில் வெளிநாட்டுப் பயணத்திலும் கொண்டுபோய்ச் சிக்குகிறவர்கள் நிறைய.

ஆபத்து என்று சொல்லித்தானே எடுக்கிறார்கள்? பிறகு ஏன் வரிசைக்குப் பக்கத்திலேயே சாதாரணத் தொட்டியில் போடுகிறார்கள்?

நல்ல கேள்வி, கோபமாகக் கேட்பவர்கள் அதிகம். உங்கள் பாட்டிலைப் பார்த்து அவர்கள் சந்தேகப்படவில்லை என்பதுதான் பதில். ஆயிரக்கணக்கான பாட்டில்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பரிசோதிக்க நேரம் கிடையாது. அதனால் அளவை வைத்து ஒரு கோடு போட்டார்கள். கோட்டைத் தாண்டிய பாட்டில் அனேகமாகத் தண்ணீர்தான் என்று அவர்களுக்கும் தெரியும். நிஜமாகவே சந்தேகம் வந்தால் நடப்பது வேறு: வரிசை நிற்கும், ஆட்களை அப்புறப்படுத்துவார்கள், வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவு வரும்.

பையின் உள்ளே இருப்பதை முப்பரிமாணத்தில் காட்டும் சிடி ஸ்கேனர்கள் வரவர இந்தக் கோடும் தளர்ந்து வருகிறது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ விமான நிலையத்தில் 2025 ஜூலையிலிருந்து 2 லிட்டர்வரை கொண்டுபோக விடுகிறார்கள். ஆனால் திரும்பி வரும் ஊரில் அந்த எந்திரம் இல்லாமல் இருக்கலாம். போகும்போது விட்டார்களே என்று வரும்போது வாதாட முடியாது.

லைட்டரும் தீப்பெட்டியும்?

இவை தனி ரகம். எரிவாயு உள்ளே இருப்பதால் விற்கவும் முடியாது, சும்மா குப்பையிலும் கொட்ட முடியாது. அபாயக் கழிவாக, அதற்கென்று உள்ள முறையில் அழிக்க வேண்டும். இதில் அமெரிக்கா பட்ட பாடு சுவையானது. 2001 டிசம்பரில் ஒருவர் காலணிக்குள் வெடிபொருள் வைத்துக்கொண்டு விமானத்தில் ஏறித் தீக்குச்சியால் பற்றவைக்கப் பார்த்தார். அதன் தொடர்ச்சியாகச் சட்டம் வந்து, 2005 ஏப்ரலில் லைட்டருக்குத் தடை போட்டார்கள். நாடு முழுக்க ஒரு நாளைக்குச் சுமார் 22,000 லைட்டர்கள் சேர ஆரம்பித்தன. அவற்றை எடுப்பதிலும் அழிப்பதிலுமே ஆட்களும் பணமும் கரைந்தன. வெடிகுண்டைத் தேடவேண்டிய கண்கள் லைட்டரைத் தேடிக்கொண்டிருந்தன. கடைசியில் 2007 ஆகஸ்ட்டில், சாதாரண லைட்டரைக் கையோடு கொண்டுபோகலாம் என்று தடையை நீக்கினார்கள்.

இந்தியாவில் லைட்டர், தீப்பெட்டி இரண்டும் கைப்பையிலும் கூடாது, செக்-இன் பையிலும் கூடாது. குலதெய்வக் கோவிலுக்குப் போகிறவர்கள் பூஜைப் பையில் தீப்பெட்டி, கற்பூரத்தோடு வந்து நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். போகிற ஊரில் வாங்கிக்கொள்ளலாம், சுமக்க வேண்டாம்.

தேங்காயைக்கூட எடுக்கிறார்களே, அது என்ன செய்யும்?

கொப்பரைதான் பிரச்சினை. காய்ந்த தேங்காயில் எண்ணெய் அதிகம். காற்றோட்டம் இல்லாமல் அடைந்து கிடந்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று சர்வதேசச் சரக்குப் போக்குவரத்து விதிகள் அதைப் பட்டியலிட்டிருக்கின்றன. அந்தப் பட்டியலில் அதன் ஐநா எண் 1363, தானாகத் தீப்பிடிக்கக்கூடிய பொருட்களுக்கான 4.2 வகுப்பு. அதனால் செக்-இன் பையில் கொப்பரை போட்டால் பையைத் திறக்கச் சொல்வார்கள். கைப்பையில் முழுத் தேங்காயையும் வழக்கமாக விடுவதில்லை.

சபரிமலைக்கு மாலை போட்டவர்களுக்கு இது பெரிய மனவருத்தமாக இருந்தது. இருமுடியில் இருப்பது நெய் நிறைத்த தேங்காய். அதைச் செக்-இன் பையில் போட்டு அனுப்ப யாருக்கு மனசு வரும்? 2024 அக்டோபரில் விமானப் போக்குவரத்து அமைச்சகம், மண்டல, மகர விளக்குக் காலத்துக்காக 2025 ஜனவரி 20 வரை இருமுடித் தேங்காயைக் கையோடு கொண்டுபோக அனுமதி தந்தது. எக்ஸ்ரே, வெடிபொருள் சோதனை, கைச் சோதனை எல்லாம் முடிந்த பிறகுதான். இது சீசனுக்குச் சீசன் தரும் சலுகை. நீங்கள் போகும் வருடத்தில் அறிவிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டு நிறையுங்கள்.

பவர் பேங்கை ஏன் எடுத்தார்கள்? கையில்தானே வைத்திருந்தேன்?

கையில்தான் வைத்திருக்க வேண்டும், செக்-இன் பையில் கூடவே கூடாது. லித்தியம் பேட்டரி சரக்கு அறையில் தீப்பிடித்தால் யாரும் பார்க்க முடியாது. மேலே கேபினில் என்றால் உடனே அணைக்க ஆள் இருக்கிறது. செக்-இன் பையில் இருந்தால் உங்களை அழைத்துத் திறக்கச் சொல்வார்கள். நீங்கள் கிடைக்காவிட்டால் பை விமானத்தில் ஏறாது.

கையில் இருந்தும் தடுத்தார்கள் என்றால் அளவைப் பாருங்கள். 100 வாட்-அவர் வரை பொதுவாகத் தடையில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் கிடையாது. பவர் பேங்கின் மேல் எழுதியிருக்கும் மில்லி ஆம்பியர்-அவரை (mAh) 3.7 வோல்ட்டால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வாட்-அவர் கிடைக்கும். 20,000 என்றால் 74, போகலாம். 30,000 என்றால் 111, கேட்டுக்கொண்டு போக வேண்டும். எழுத்து அழிந்து போன பவர் பேங்கை நம்பி விட மாட்டார்கள். சீனாவில் இன்னும் கடுமை: 2025 ஜூன் 28 முதல், அந்த நாட்டின் 3சி முத்திரை இல்லாத பவர் பேங்கை உள்நாட்டு விமானங்களில் ஏற்றுவதில்லை. குவாங்சோ, ஷாங்காய் என்று சரக்கு வாங்கப் போகும் நம் வியாபாரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

துப்பாக்கி, தோட்டா கிடைத்தால்?

இதில் விட்டுவிட்டுப் போகும் வழியே கிடையாது. அமெரிக்காவில் 2023-ல் மட்டும் சோதனை இடங்களில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. நூற்றில் 93-ல் குண்டு நிரப்பியிருந்தது. டிஎஸ்ஏ அந்தத் துப்பாக்கியைத் தொடாது, உள்ளூர்ப் போலீஸை அழைக்கும். துப்பாக்கியும் ஆளும் போலீஸ் பொறுப்பு. அபராதம் ஆயிரக்கணக்கான டாலர் ஆகலாம். நம் ஊரில் பழைய பையின் மடிப்பில் ஒரு தோட்டா கிடந்தாலே விமான நிலையக் காவல் நிலையம், ஆயுதச் சட்டம் என்று போகும். காவல்துறையிலோ ராணுவத்திலோ இருந்தவர்களின் பையை இரவல் வாங்கினால் எல்லா ஜிப்பையும் திறந்து உதறிப் பாருங்கள்.

சேட்டிலைட் போனும் இப்படித்தான். உரிமம் இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். மலையேற்றத்துக்குப் பயன்படுத்தும் கார்மின் இன்ரீச் மாதிரிக் கருவியும் இதில் அடங்கும். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

ட்ரேயில் விட்டுப் போன சில்லறை?

அமெரிக்காவில் அதற்கு ஒரு சட்டமே இருக்கிறது. உரியவர் தேடி வராத சில்லறையை டிஎஸ்ஏ தானே வைத்துக்கொண்டு விமானப் பாதுகாப்புக்குச் செலவிடலாம், கணக்கை நாடாளுமன்றத்துக்குக் காட்ட வேண்டும். 2019 நிதியாண்டில் அப்படிச் சேர்ந்தது 9,26,030 டாலர். எல்லாம் பாக்கெட்டைக் காலி செய்யும் அவசரத்தில் விட்டுப் போன காசு.

லேப்டாப், வாட்ச், கண்ணாடியை ட்ரேயிலேயே மறந்துவிட்டேன். அதுவும் போச்சா?

இல்லை. இது நீங்கள் கைவிட்டது அல்ல, தொலைத்தது. இரண்டுக்கும் சட்டம் வேறு. இந்தியாவில் சோதனை இடத்தில் கிடைத்த பொருட்களின் பட்டியலை சிஐஎஸ்எஃப் தன் இணையதளத்தில் விமான நிலைய வாரியாக, தேதியோடு போடுகிறது. பிறகு நிலைய நிர்வாகத்திடம் ஒப்படைக்கும். போர்டிங் பாஸ், அடையாள அட்டை, பொருளின் அடையாளம் சொன்னால் திரும்பக் கிடைக்கும். அமெரிக்காவில் குறைந்தது 30 நாள் வைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு உபரிப் பொருள் வழியில் போகும், அல்லது அழிக்கப்படும். எவ்வளவு சீக்கிரம் கேட்கிறீர்களோ அவ்வளவு நல்லது. போன் நம்பர் எழுதிய ஒரு சின்னச் சீட்டை லேப்டாப்பின் அடியில் ஒட்டி வைப்பது எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த காப்பீடு.

அலபாமா மாநிலத்தில் ஸ்காட்ஸ்பரோ என்ற சிற்றூரில் ஒரு பெரிய கடை இருக்கிறது, 1970-லிருந்து நடக்கிறது. பயணிகளின் பொருட்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது செக்யூரிட்டியில் எடுத்தவை அல்ல. விமான நிறுவனங்களிடம் உரியவர் வராமல் தங்கிவிட்ட பெட்டிகள்.

சோதிப்பவர்களே வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார்களா?

விதி அதைத் தடுக்கிறது. பயணிகள் கைவிட்ட பொருளை டிஎஸ்ஏ ஊழியர் எடுத்தாலும் வேலை போகும். பயணிகளின் பையிலிருந்து திருடி மாட்டிக்கொண்டு வேலை இழந்தவர்களும், நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர்களும் அங்கே இருக்கிறார்கள். அதனால் “யாருமே எடுப்பதில்லை” என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வரிசையில் நின்று பாட்டிலை எடுக்கும் ஒவ்வொருவரையும் திருடராகப் பார்ப்பது நியாயம் இல்லை. நாள் முழுக்க ஆயிரம் பேரின் முறைப்பை வாங்கிக்கொண்டு நிற்கும் வேலை அது.

பிளேடு விஷயத்தில் விதியை ஏன் தளர்த்தக் கூடாது?

2001 செப்டம்பர் 11-க்கு முன் அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த கத்தியைக் கையோடு கொண்டுபோகலாம். அன்று கடத்தியவர்கள் பயன்படுத்தியது சின்னக் கத்திகளைத்தான். பிறகு காக்பிட் கதவைப் பலப்படுத்திவிட்டார்கள், சிறிய கத்தியால் இனி விமானத்தைக் கடத்த முடியாது என்று சொல்லி, 2013 மார்ச்சில் டிஎஸ்ஏ 6 சென்டிமீட்டர்வரை அனுமதிக்கப் போவதாக அறிவித்தது. விமானப் பணிப்பெண்களும் பணியாளர்களும் கொதித்தெழுந்தார்கள். பூட்டிய கதவு விமானியைக் காக்கும், கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கும் எங்களை யார் காப்பது என்பதுதான் அவர்கள் கேட்டது. மூன்றே மாதத்தில் முடிவு கைவிடப்பட்டது. பாக்குவெட்டியை இழந்தவள் என்ற முறையிலும் சொல்கிறேன், அவர்கள் கேட்டது சரி.

சுங்கத்துறை எடுத்த நகையும் இப்படித்தான் போய்விடுமா?

இல்லவே இல்லை, இதைக் கலந்துவிடாதீர்கள். சுங்கம் எடுப்பதுதான் நிஜமான பறிமுதல். 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டப்படி நடக்கும். ரசீது தர வேண்டும், காரணம் கேட்டு நோட்டீஸ் தர வேண்டும், அபராதம் கட்டி மீட்கும் வழியும் மேல்முறையீடும் உண்டு. வெளிநாட்டில் குடியிருந்து சில நாள் வந்து போகிறவர், பொருளைச் சுங்கத்திடமே ஒப்படைத்துவிட்டுத் திரும்பிப் போகும்போது வாங்கிக்கொள்ள அதே சட்டத்தின் 80-வது பிரிவு இடம் தருகிறது. அதற்கு முதலிலேயே மறைக்காமல் சொல்லியிருக்க வேண்டும்.

2023 டிசம்பரில் இலங்கையிலிருந்து வந்த ஒரு புதுமணப் பெண்ணின் 11 பவுன் தாலிக்கொடியைச் சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2025-ல் தனி நீதிபதி, திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டார். தாலி சாதாரண நகை இல்லை, சோதிக்கும்போது நம் வழக்கத்தையும் மதிக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஆகவே சுங்கத்தில் ஏதாவது எடுத்தால் ரசீது வாங்காமல் நகராதீர்கள். அழுதுவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்துவிட்டால் பிறகு எதை வைத்துக் கேட்பது?

ட்யூட்டி ஃப்ரீயில் வாங்கியதை இன்னொரு ஊரில் எடுத்துவிட்டார்களே?

விமானம் மாறும் இடத்தில் மறுபடி சோதனை இருந்தால் 100 மில்லி விதி திரும்ப வரும். கடையில் சீல் வைத்துத் தரும் பையைக் கடைசி ஊர்வரை பிரிக்காதீர்கள், பில்லும் அதற்குள்ளேயே இருக்கட்டும். டெல்லியிலோ மும்பையிலோ இறங்கி மதுரைக்கோ திருச்சிக்கோ மாறுகிறவர்கள், பெட்டி கைக்கு வந்ததுமே பாட்டிலை அதற்குள் மாற்றிவிடுவது நல்லது.

அம்மா முதல்முறை தனியாகப் போகிறார். என்ன சொல்லி அனுப்பலாம்?

பெட்டி கட்டும் முன்தினம் கைப்பையைத் தரையில் கவிழ்த்துக் காலி செய்துவிட்டுத் திரும்ப அடுக்குங்கள். பழைய பையின் அடியில்தான் ஊக்கு, சின்னக் கத்தி என்று எல்லாம் ஒளிந்திருக்கும். பேத்திக்கான ஊறுகாய், நெய், பொடிகள் எல்லாம் செக்-இன்னில். பொடி கைப்பையில் வேண்டாம். அமெரிக்கா போகும் விமானங்களில் 350 மில்லிக்கு மேல் பொடி இருந்தால் தனியாக எடுத்துச் சோதிப்பார்கள், இந்தியாவில் மிளகாய்ப்பொடியை விடுவதே இல்லை. மாத்திரையோடு டாக்டர் சீட்டு இருக்கட்டும்.

அப்புறம் ஒன்று சொல்லிக் கொடுங்கள். சோதிப்பவர் எதையாவது எடுத்தால் பயந்து உடனே “சரிங்க” என்று சொல்லிவிட வேண்டாம், “இதைச் செக்-இன்னில் போட முடியுமா, வெளியே என் மகன் நிற்கிறான், அவனிடம் கொடுக்கலாமா?” என்று நிதானமாகக் கேட்கட்டும். தமிழில் கேட்டாலும் சென்னையில் புரிந்துகொள்ள ஆள் இருப்பார்கள்.

விட்டுவிட்டு வந்ததை மறுநாள் போய்க் கேட்டு வாங்க முடியுமா?

அமெரிக்காவில் முடியாது, டிஎஸ்ஏ தெளிவாகவே சொல்லிவிடுகிறது. ஏலத்தில் போட்டியிடலாம், ஆனால் ஆயிரம் கத்திகளின் குவியலில் உங்களுடையது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இந்தியாவில் அன்றைக்கே, அந்த ஷிஃப்ட் முடிவதற்குள் கேட்டால் மனிதர்களைப் பொறுத்துச் சில நேரம் வேலை நடக்கலாம், உரிமையாகக் கேட்க முடியாது. நான் நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்து கேட்டேன். கவுன்டரில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பாக்குவெட்டி என்றால் எப்படி இருக்கும் என்று விசாரித்தார். நான் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினேன். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, இல்லை என்றார்.